நூற்பவள் எப்படி மணமாகாதவள் ஆனாள்?

ஆங்கிலத்தில் ஒரு பழைய வழக்கு உண்டு: 'ஸ்பின்ஸ்டர் ஆஃப் திஸ் பாரிஷ்'. இந்தப் பங்கைச் சேர்ந்த மணமாகாத பெண் என்று பொருள். இங்கிலாந்துத் தேவாலயங்களில் ஒரு திருமணம் நடக்கும் முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மணமக்களின் பெயர்களை வாசித்து, இதற்குத் தடை சொல்பவர்கள் உண்டா என்று சபையைக் கேட்பார்கள். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் 'ஓலை வாசித்தல்' என்று சொல்கிற அதே சடங்குதான். அந்த அறிவிப்பில் ஆணின் பெயருக்குப் பின்னால் 'பேச்சலர்' என்றும், பெண்ணின் பெயருக்குப் பின்னால் 'ஸ்பின்ஸ்டர்' என்றும் வரும். டபிள்யூ. பி. மாக்ஸ்வெல் 1922இல் எழுதிய ஒரு நாவலுக்கு இந்தத் தொடரையே தலைப்பாக வைத்தார். அன்றைய வாசகருக்குத் தலைப்பைக் கண்டதுமே கதாநாயகியின் நிலைமை புரிந்துவிடும்.

'ஸ்பின்ஸ்டர்' என்ற சொல்லின் நேர்ப்பொருள் நூற்பவள். அதில் திருமணமும் இல்லை, திருமணம் இன்மையும் இல்லை. பஞ்சையோ கம்பளி மயிரையோ கையால் திரித்து நூலாக்கும் பெண்ணைக் குறிக்கும் தொழிற்பெயர் அது. அந்தத் தொழிற்பெயர் எப்படி ஒரு பெண்ணின் மணநிலையைச் சொல்லும் சட்டச் சொல்லானது, பிறகு எப்படி வசையானது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. தமிழ் படித்தவள், தமிழ் கற்பிப்பவள், ஆங்கிலச் சொல் ஒன்றின் பின்னால் ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நாற்பதைக் கடந்தும் திருமணம் செய்துகொள்ளாதவள் நான் என்பது ஒரு காரணம். நம் மொழியில் நூல், பனுவல் என்ற இரண்டு சொற்களும் இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும் என்பது இன்னொரு காரணம். மூன்றாவது காரணத்தைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன்.

கூலிக்கு நூற்றவர்கள்

பழைய ஆங்கிலத்தில் ஒரு வேலையைச் செய்யும் பெண்ணைக் குறிக்க ஒரு விகுதி இருந்தது. நம் 'அள்' விகுதி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்பவள் வெப்ஸ்டர். ரொட்டி சுடுபவள் பாக்ஸ்டர். மது வடிப்பவள் புரூஸ்டர். நூற்பவள் ஸ்பின்ஸ்டர். இந்தத் தொழில்கள் ஒவ்வொன்றாக ஆண்களின் கைக்குப் போனபோது விகுதியிலிருந்த பெண்மையும் தேய்ந்தது. வெப்ஸ்டரும் பாக்ஸ்டரும் புரூஸ்டரும் தந்தைவழி வரும் குடும்பப் பெயர்களாகிவிட்டன. இன்று அந்தப் பெயர்களைத் தாங்கிய ஆண்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பெயரில் உழைத்த ஒரு பெண் ஒளிந்திருப்பது தெரியும்? நால்வரில் பெண்ணாகவே எஞ்சியவள் ஸ்பின்ஸ்டர் மட்டுமே.

அதற்குக் காரணம் எளிது. நூற்பது யாரும் பறித்துக்கொள்ள விரும்பாத வேலையாக இருந்தது. ஒரு தறி ஓட வேண்டுமானால் அதற்குப் பின்னால் பல பெண்கள் நூற்க வேண்டும். வேலை மெதுவாக நடக்கும், கூலி குறைவு. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, தொட்டிலை ஆட்டிக்கொண்டே செய்யலாம் என்பதால் அதை வேலை என்றே பலர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு அரசர் ஆல்ஃபிரட் தம் உயிலில் ஆண்வழி உறவை ஈட்டிப் பக்கம் என்றும் பெண்வழி உறவைக் கதிர்ப் பக்கம் என்றும் பிரித்துச் சொல்கிறார். கதிர் என்பது இங்கே நூல் சுற்றும் தக்களிக் கம்பி. ஆணுக்கு ஈட்டி, பெண்ணுக்குத் தக்களி என்ற பங்கீடு அவ்வளவு பழையது.

இலக்கியத்தில் இந்தச் சொல்லின் மிகப் பழைய வருகைகளில் ஒன்று, பதினான்காம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் பிளவ்மன்' என்ற நெடுங்கவிதையில் இருக்கிறது. அதில் பேராசை ஒரு மனிதனாக வந்து பாவமன்னிப்புக் கேட்கிறது. அவன் தன் மனைவியின் தொழில் ரகசியத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறான். அவள் கம்பளித் துணி நெய்பவள், கம்பளியை நூற்பவர்களிடம் கொடுத்து நூற்கச் சொல்வாள். கூலி பவுண்டுக்கு இவ்வளவு என்று பேச்சு. ஆனால் அவள் கூலிக்குப் பயன்படுத்தும் எடைக்கல் சரியான கல்லைவிடக் கால் பவுண்டு கூடுதல். ஒன்றேகால் பவுண்டு நூற்றால்தான் ஒரு பவுண்டின் கூலி கையில் வரும். அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொல் இலக்கியத்துக்குள் வந்தபோது அதன் பொருள் இதுதான்: எடையில் ஏமாற்றப்பட்ட கூலிப் பெண்கள். அவர்கள் மணமானவர்களா ஆகாதவர்களா என்று கவிதை கேட்கவில்லை.

ஷேக்ஸ்பியரிடமும் தொழில் பொருளே மேலோங்கி நிற்கிறது. 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தில் ஒரு பிரபு பழைய பாட்டு ஒன்றைக் கேட்க ஆசைப்படுகிறான். வெயிலில் உட்கார்ந்து நூற்கும் பெண்களும் பின்னும் பெண்களும் பாடுகிற பாட்டு என்று அதை அடையாளம் சொல்கிறான். நம் நடவுப் பாட்டு, சுண்ணம் இடிக்கும் பாட்டு போல உழைப்போடு பிறந்த பாட்டு. 'ஒத்தெல்லோ'வில் இயாகோ தனக்குக் கிடைக்காத பதவியைப் பெற்ற காசியோவை இகழும்போது, படை அணிவகுப்பைப் பற்றி ஒரு நூற்பவளுக்குத் தெரிந்ததைவிட அதிகம் அவனுக்குத் தெரியாது என்கிறான். ஈட்டியும் தக்களியும் மறுபடி எதிரெதிரே நிற்கின்றன. இகழ்ச்சி தொடங்கிவிட்டது, ஆனால் அது இன்னும் தொழிலின் மீதான இகழ்ச்சிதான்.

சட்டம் செய்த மாற்றம்

1413இல் ஐந்தாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்தது. வழக்கு ஆவணங்களில் ஒருவர் பெயரோடு அவருடைய தகுநிலை அல்லது தொழிலையும் ஊரையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது அதன் விதி. ஒரே பெயருள்ள இருவரில் யாரைப் பற்றிய வழக்கு என்ற குழப்பத்தைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. ஆண்களுக்கு எழுதுவது எளிதாக இருந்தது: உழவர், கொல்லர், தச்சர், கனவான். பெண்ணுக்கு என்ன எழுதுவது?

மணமான பெண்ணுக்கு இன்னாரின் மனைவி என்று எழுதினார்கள். கணவனை இழந்தவளுக்கு இன்னாரின் கைம்பெண். இரண்டிலும் அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது இல்லை. இந்த இரண்டு கட்டங்களிலும் அடங்காத பெண்ணுக்கு மட்டும் எழுத ஆண் பெயர் எதுவும் கிடைக்கவில்லை. அப்போது கைக்கு வந்தது அவளுடைய தொழில். மனைவியும் நூற்றாள், கைம்பெண்ணும் நூற்றாள். ஆனால் நூற்பவள் என்று எழுதப்பட்டவள் ஆண் பெயரோடு சேர்த்து எழுத முடியாதவளே. காலப்போக்கில் அவள் நூற்கிறாளா என்று கேட்கும் தேவையும் போயிற்று. 1617இல் ஜான் மின்ஷியூ வெளியிட்ட அகராதி, இந்தச் சொல் பத்திரங்களிலும் ஆவணங்களிலும் மணமாகாத பெண்களின் பெயரோடு சேர்க்கப்படும் சட்ட அடைமொழி என்று விளக்கம் தருகிறது. கையில் தக்களியையே தொட்டறியாத சீமான் மகளும் சட்டத்தின் கண்ணில் நூற்பவள் ஆகிவிட்டாள்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய ஆங்கிலேயச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனி ஆளுமை கிடையாது. அவள் கணவனின் காப்புக்குள் அடங்கியவள். அவளுடைய பணமும் கூலியும் கணவனுடையவை. அவள் தன் பெயரில் ஒப்பந்தம் செய்ய முடியாது, வழக்குப் போட முடியாது. 1870லும் 1882லும் வந்த மணமான பெண்களின் சொத்துச் சட்டங்கள்தான் இதைத் தளர்த்தின. ஆனால் வயது வந்த மணமாகாத பெண் அப்படி இல்லை. அவள் நிலம் வாங்கலாம், விற்கலாம், கடை நடத்தலாம், உயில் எழுதலாம், தன் கூலியைத் தானே வைத்துக்கொள்ளலாம். கைம்பெண்ணை விட்டுவிட்டுப் பார்த்தால், இங்கிலாந்தில் சட்டப்படி ஓரளவு முழு மனுஷியாக இருந்தவள் ஸ்பின்ஸ்டர்தான். எந்தப் பெண் சட்டப்படி அதிகச் சுதந்திரம் உடையவளோ அவளுடைய பெயரே வசைச் சொல்லாகவும் ஆனது. இது தற்செயலாக நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதே காலத்தில் 'பேச்சலர்' என்ற சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்றும் பாருங்கள். இடைக்கால வழக்கில் அது இளம் வீரனைக் குறித்தது. பிறகு பல்கலைக்கழகத்தின் முதல் பட்டத்தைக் குறித்தது, அதோடு மணமாகாத ஆணையும் குறித்தது. இன்றும் நம் மாணவியர் 'பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' பட்டத்தை மேடையேறி வாங்குகிறார்கள். அந்தச் சொல் மீது ஒரு தூசும் படியவில்லை.

இந்தச் சொல் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் முதல் இணைப்பில், திருமண அறிவிப்பை எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்டும் மாதிரிப் படிவம் ஒன்று இருக்கிறது. மாதிரிக்காகக் கற்பனையாக இரண்டு பெயர்களும் தரப்பட்டுள்ளன. மணமகன் ஜேம்ஸ் ஸ்மித்: நிலை, மனைவியை இழந்தவர், தொழில், தச்சர். மணமகள் மார்த்தா கிரீன்: நிலை, ஸ்பின்ஸ்டர், தொழில் கட்டம் வெறுமை. எனக்கு இந்தச் சொல்லின் வரலாறு முழுவதும் அந்த ஒரு வரிசையில் இருப்பதாகத் தோன்றும். நூற்பவள் என்ற தொழிற்பெயர் ஒரு கட்டத்தில் மணநிலையாக எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த கட்டத்தில் அவளுக்குத் தொழிலே இல்லை.

நம் துணியும் அவர்கள் நூலும்

1719 கோடையில் லண்டன் தெருக்களில் பெண்கள் தாக்கப்பட்டார்கள். அவர்கள் அணிந்திருந்த அச்சிட்ட பருத்தி ஆடைகளை நெசவாளர்கள் கிழித்தெறிந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த பருத்தித் துணி தங்கள் கம்பளி, பட்டுத் தொழிலை அழிக்கிறது என்பது அவர்களுடைய கோபம். அந்தத் துணியில் ஒரு பங்கு சோழமண்டலக் கரையிலிருந்து, சென்னைப் பட்டினத்தின் வழியாகக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் போனது. கம்பெனி மீதான கோபத்தை அதன் கிடங்கில் காட்டுவதைவிடத் தெருவில் போகும் பெண்ணின் பாவாடையில் காட்டுவது எளிதாக இருந்திருக்கிறது.

அதே ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டீல் என்ற புகழ்பெற்ற கட்டுரையாளர் கம்பளித் தொழிலுக்கு ஆதரவாக ஒரு துண்டு நூல் வெளியிட்டார். அதன் பெயர் 'தி ஸ்பின்ஸ்டர்'. இந்தியத் துணியால் பிழைப்பிழக்கும் ஏழை நூற்பவளின் குரலை அவர் எடுத்துக்கொண்டார். சொல் அப்போது இரண்டு பொருளையும் சுமந்துகொண்டிருந்தது. 1721இல் அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதையே தடை செய்யும் சட்டம் வந்தது. ஒரு ஆண் எழுத்தாளர், பெண் குரலில், பெண்களின் உடுப்புக்கு எதிராக வாதாடி வெற்றியும் பெற்றார்.

இதில் இரண்டு கூட்டத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே எதிரிகளாக நிறுத்தப்பட்டார்கள்: யார்க்‌ஷயரில் கம்பளி நூற்றவர்கள், தமிழகத்துக் கிராமங்களில் பருத்தி நூற்றவர்கள். இருவருடைய பிழைப்பையும் பறித்தது ஒரே எதிரிதான். 1760களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி வந்தது. 1769இல் ஆர்க்ரைட் தம் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1779இல் கிராம்ப்டனின் இயந்திரம் வந்தது. இங்கிலாந்தில் கை நூற்பு சரிந்தது. அடுத்த நூற்றாண்டில் லங்காஷயர் ஆலை நூல் நம் சந்தைக்கு வந்து, இங்கே நூற்ற பெண்களின் தக்களியையும் மூலையில் போட வைத்தது. நூற்றவளுக்கு வேலை போயிற்று. அவளுடைய பெயர் மட்டும் ஆங்கிலத்தில் நின்றது, இப்போது மணமாகாதவள் என்ற ஒரே பொருளோடு.

மிகையான பெண்கள்

வேலையிழந்த சொல் ஏளனத்துக்கு வசதியாக இருந்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேலிச்சித்திரங்களில் பூனையும் தேநீர்க் கோப்பையும் புறம்பேச்சுமாக ஒரு வற்றிய பெண் வருவாள். நாவல்கள் இதை அப்படியே ஏற்கவில்லை. தாமும் மணம் செய்யாமலே வாழ்ந்த ஜேன் ஆஸ்டின், 1815 இறுதியில் வெளிவந்த 'எம்மா'வில் இந்த ஏளனத்தின் பொருளாதாரத்தைப் பிரித்துக் காட்டினார். தான் திருமணமே செய்யப்போவதில்லை என்று சொல்லும் எம்மாவுக்கு வயது இருபத்தொன்று, சொத்து நிறைய. வறுமைதான் மணமாகாத பெண்ணைக் கேலிக்குரியவள் ஆக்குகிறது, பணமுள்ளவள் மதிக்கப்படுவாள் என்பது அவள் வாதம். அந்த வாதத்தின் மறுபக்கமாக மிஸ் பேட்ஸ் வருகிறார். வயதான தாயோடு சிறு வருமானத்தில் வாழ்பவர், ஓயாமல் பேசுபவர். ஒரு சிற்றுலாவில் எம்மா அவரை எல்லோர் முன்னாலும் குத்திப் பேசிவிடுகிறாள். நாவலில் மிகக் கடுமையான கண்டனம் எம்மாவுக்கு அதற்காகத்தான் கிடைக்கிறது. ஏழையான, இன்னும் ஏழையாகப் போகிற ஒரு பெண்ணைக் கேலி செய்தாயே என்று நைட்லி கேட்கிறார். ஆஸ்டினின் வாசகர்கள் சிரித்த சிரிப்பு அந்த இடத்தில் அவர்கள் தொண்டையிலேயே நின்றிருக்கும்.

டிக்கன்ஸ் வேறு வழியில் போனார். 1860–61இல் வந்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் மிஸ் ஹாவிஷம், மணநாளில் கைவிடப்பட்டு, கடிகாரங்களை நிறுத்திவிட்டு, மணக்கோலத்திலேயே மூப்படைகிறாள். உலக இலக்கியத்தில் மறக்க முடியாத உருவம்தான். ஆனால் அவள் ஒரு மதுவடிசாலைச் சொத்தின் உரிமையாளர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தன் பெயரில் சொத்தும் தனியுரிமையும் உள்ள பெண்ணுக்கு டிக்கன்ஸ் கொடுத்தது ஓடாத ஆலையும் அழுகிய கேக்கும் தீயும்தான். ஓர் ஆண் வராததால் அவளுக்குக் காலமே நின்றுவிட்டது என்று நம்ப வாசகர்கள் தயாராக இருந்தார்கள்.

தயாராக்கியதில் மக்கள்தொகைக் கணக்குக்கும் பங்கு உண்டு. 1851 கணக்கெடுப்பு மணநிலையை விரிவாகப் பதிவு செய்து, ஆண்களைவிடப் பெண்கள் பல லட்சம் அதிகம் என்று காட்டியது. உடனே அது ஒரு தேசியப் பிரச்சினையாயிற்று. 1862இல் டபிள்யூ. ஆர். கிரெக் என்பவர், பெண்கள் ஏன் மிகையாக இருக்கிறார்கள் என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார். அவர் சொன்ன தீர்வுகளில் ஒன்று, ஆண்கள் அதிகமுள்ள குடியேற்ற நாடுகளுக்கு இந்தப் பெண்களைக் கப்பலேற்றுவது. அதே ஆண்டில் பிரான்சஸ் பவர் காப் பதில் எழுதினார். மணத்தை நோக்கிப் பெண்களை விரட்டுவதற்குப் பதிலாக, மணமில்லாமலும் ஒரு பெண் பயனுள்ளவளாக, மகிழ்ச்சியாக வாழ வழி செய்யுங்கள், அப்போது நடக்கும் திருமணங்களும் நல்லவையாக இருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். 1893இல் ஜார்ஜ் கிஸ்ஸிங் 'தி ஆட் விமன்' நாவலில் இந்த விவாதத்துக்கு உடல் கொடுத்தார். அதில் ரோடா நன் என்ற பெண், நடுத்தர வர்க்கப் பெண்களுக்குத் தட்டச்சு கற்றுக்கொடுத்து அலுவலக வேலைக்கு அனுப்புகிறாள். நூற்பவளுக்கு மறுபடி ஒரு தொழில் வந்தது. இந்த முறை தக்களி இல்லை, தட்டச்சுப் பொறி.

இப்படி 'மிகை'யாகக் கணக்கிடப்பட்ட தலைமுறைகளிலிருந்துதான் மருத்துவர்களும் ஆசிரியர்களும் கல்லூரி முதல்வர்களும் வந்தார்கள். அவர்களில் சிலர் நம் ஊருக்கும் வந்தார்கள். சென்னையில் 1914இல் தொடங்கிய, பின்னர் ராணி மேரிக் கல்லூரி ஆன பெண்கள் கல்லூரியின் முதல் முதல்வர் டோரதி டி லா ஹே. 1915இல் தொடங்கிய மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் முதல் முதல்வர் எலினார் மெக்டூகல். இருவரும் மணமாகாதவர்கள். பேரரசின் நிழலில் வந்தவர்கள் என்பதை மறக்க வேண்டியதில்லை. ஆனாலும் நம் பாட்டிகளின் தலைமுறையில் கல்லூரிக்குப் போன பெண்களுக்கு வகுப்பறைக் கதவைத் திறந்தவர்கள் இங்கிலாந்தின் ஸ்பின்ஸ்டர்கள் என்பது வரலாறு.

ஓய்வூதியம் கேட்டவர்கள்

முதல் உலகப்போர் இந்தக் கணக்கை இன்னும் கூர்மையாக்கியது. 1921 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெண்கள் ஏறக்குறைய 17 லட்சம் அதிகம். பத்திரிகைகள் மறுபடியும் உபரிப் பெண்கள் என்று எழுதின. அதே சமயம் ஆசிரியர் பணியிலும் அரசுப் பணியிலும் திருமணத் தடை நடைமுறையில் இருந்தது. மணமானால் வேலையை விட வேண்டும். ஆசிரியர்களுக்கு 1944லும் உள்நாட்டு அரசுப் பணியாளர்களுக்கு 1946லும்தான் அது நீங்கியது. வேலை வேண்டுமானால் ஸ்பின்ஸ்டராக இரு, ஸ்பின்ஸ்டராக இருந்தால் பரிகாசத்தைத் தாங்கு என்பதுதான் ஏற்பாடு.

இந்தக் கட்டத்தில் எனக்குப் பிடித்த ஆள் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் வைட். பிராட்ஃபோர்ட் கம்பளி ஆலைகளின் நகரம். அவரும் இளம் வயதில் ஆலையில் வேலை செய்தவர். அவருக்கு நிச்சயிக்கப்பட்ட ஆண் போர்க்காலத்தில் இறந்துபோனார். 1925இல் வந்த சட்டம் கைம்பெண்களுக்கு ஓய்வூதியம் கொடுத்தது. மணமாகாத தொழிலாளப் பெண், சந்தா கட்டிக்கொண்டே 65 வயதுவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் உடல் தேய்ந்துவிடும், அல்லது வயதான தாய் தந்தையைப் பார்க்க வேலையை விட்டிருப்பாள். 1935இல் அவர் தொடங்கிய சங்கத்தின் பெயர் தேசிய ஸ்பின்ஸ்டர்கள் ஓய்வூதியச் சங்கம். 55 வயதில் ஓய்வூதியம் என்பது கோரிக்கை. 1940இல் பெண்களின் ஓய்வூதிய வயது 60ஆகக் குறைந்தது. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. ஆனால் வசையாக எறியப்பட்ட சொல்லைப் பலகையில் எழுதிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கியவர்களில், நூற்பாலைகளில் உண்மையாகவே நூற்றவர்கள் இருந்தார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் தொழிலும் பெயரும் ஒரே உடலில் சந்தித்தன.

இலக்கியமும் இதே ஆண்டுகளில் திரும்பிப் பார்த்தது. சில்வியா டவுன்சென்ட் வார்னரின் 'லாலி வில்லோஸ்' 1926இல் வந்தது. அண்ணன் குடும்பத்துக்குச் சம்பளமில்லா அத்தையாகவே இருபது ஆண்டு கழித்த ஒரு பெண், ஒரு நாள் கிளம்பிக் கிராமத்துக்குப் போய்ச் சூனியக்காரி ஆகிவிடுகிறாள். கூட்டுக் குடும்பங்களில் இப்படி ஓர் அத்தையைப் பார்த்து வளர்ந்த தமிழ் வாசகியருக்கு அந்த நாவல் அந்நியமாகவே இருக்காது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930இல் தன் முதல் நாவலில் தோன்றினார். கம்பளி பின்னிக்கொண்டே கொலைகாரனைக் கண்டுபிடிப்பவர். யாரும் அவரைப் பொருட்படுத்தாததால்தான் அவரால் எல்லோரையும் கவனிக்க முடிகிறது. 1952இல் பார்பரா பிம்மின் 'எக்ஸலன்ட் விமன்', தேவாலய வேலைகளையும் அடுத்த வீட்டாரின் சண்டைகளையும் சுமக்கும் மணமாகாத பெண்ணின் கண்ணால் திருமணங்களைப் பார்த்து மெல்லச் சிரித்தது.

1978இல் அமெரிக்கப் பெண்ணியச் சிந்தனையாளர் மேரி டேலி 'கைன்/இகாலஜி' நூலில் இந்தச் சொல்லை அதன் வேருக்கே கொண்டுபோனார். தன் வாழ்வைத் தானே நூற்பவள், படைப்பின் சுழற்சியில் பங்கெடுப்பவள் என்று அதற்குப் பெருமை சேர்த்தார். அழகான மீட்பு. ஆனால் அந்த மீட்பில் கூலி இல்லை, எடைக்கல் இல்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. 2005 டிசம்பரில், ஒருபால் இணையரின் பதிவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இங்கிலாந்தின் பதிவேடுகளிலிருந்து பேச்சலரும் ஸ்பின்ஸ்டரும் நீக்கப்பட்டனர். இருவருக்கும் 'சிங்கிள்' என்ற ஒரே சொல் வந்தது.

நம் நூற்பவள்

தமிழுக்கு வருகிறேன். சங்கப் பாடல்களில் பருத்திப் பெண்டிர் இருக்கிறார்கள். புறநானூற்றின் ஒரு பாடலில், காட்டுப்பூனைக்கு அஞ்சி இரவில் அலறும் கோழி, தூங்காமல் பஞ்சு வேலை பார்க்கும் பெண் ஒருத்தியின் சிறு விளக்கு வெளிச்சத்தில் அமைதியாகிறது. நற்றிணையில் கபிலர், மலைமேல் தவழும் மேகத்துக்கு ஆண் துணை இல்லாத பெண்கள் உழைத்து நூற்ற மெல்லிய நூலை உவமை சொல்கிறார். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரமும் கைம்பெண்கள், மணமாகாத பெண்கள், துறவுப் பெண்கள் போன்றோருக்கு அரசு நூற்பு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது. நூல் கொடுக்க வரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தாலோ வேறு பேச்சுப் பேசினாலோ அதிகாரிக்குத் தண்டம் என்றும் விதிக்கிறது. ஆணில்லாத பெண்ணின் கையில் தக்களி இருந்தது இங்கிலாந்தின் தனிக் கதை இல்லை. நன்னூல் பாயிரத்தில் வரும் உவமையோ, சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை நூலாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் காட்டுகிறது. ஆண் புலவர்களுக்குத் தங்கள் தொழிலைச் சொல்ல ஒரு பெண்ணின் கை தேவைப்பட்டிருக்கிறது.

நூற்றல் நம் மொழியில் இப்படி மதிப்போடு நின்றது. மணமாகாத பெண்ணுக்கோ 'முதிர்கன்னி' என்ற சொல்லைச் செய்தோம். ஜன்னல் ஓரம், வரதட்சணை, வராத மாப்பிள்ளை என்று அவளைப் பற்றி ஆண்கள் எழுதிய புதுக்கவிதைகள் ஏராளம். இரக்கம் மிகுந்த கவிதைகள்தாம். ஆனால் அவற்றில் அவள் எந்த வேலைக்கும் போவதில்லை. மார்த்தா கிரீனைப் போலவே அவளுடைய தொழில் கட்டமும் வெறுமை.

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகளில் ஏராளமான இளம்பெண்கள் வேலை செய்கிறார்கள். மணமாகாத பெண்களையே தேடிச் சேர்த்து, விடுதியில் தங்கவைத்து, மூன்று ஆண்டு ஒப்பந்தம் முடிந்தால் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லும் ஏற்பாடு பல ஆலைகளில் இருந்தது. அதற்கு வைத்த பெயர் சுமங்கலித் திட்டம். நீண்ட வேலை நேரம், பயிற்சியாளர் என்ற பெயரில் குறைந்த கூலி, விடுதிக்கு வெளியே போகத் தடை, இடையில் நோய் வந்து விலகினால் தொகை கிடைக்காமல் போவது என்று அதன் கொடுமைகளைத் தொழிற்சங்கங்களும் பெண்கள் அமைப்புகளும் பதிவு செய்திருக்கின்றன. லாங்லண்டின் எடைக்கல்லை நான் இங்கே மறுபடி பார்க்கிறேன். சேர வேண்டிய கூலியைப் பிடித்துவைத்து, அதற்குச் சீர் என்று பெயர் வைப்பதும் எடை மோசடிதான். ஆங்கிலம் நூற்பவளை மணமாகாதவள் என்று அழைத்தது. நாம் மணமாகாத நூற்பவளை வருங்காலச் சுமங்கலி என்று அழைத்தோம். இரண்டு வழியிலும் மறைந்து போவது தொழிலாளி என்ற சொல்.

கட்டுரையைத் தொடங்க எனக்கு இருந்த மூன்றாவது காரணம் இதுதான். என் வகுப்புகளில் ஆலையில் மூன்று ஆண்டு வேலை பார்த்துவிட்டுப் படிக்க வரும் மாணவியர் உண்டு. உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றில் முன் அனுபவம் என்ற கட்டத்தை விட்டுவிட்டு மணநிலையை மட்டும் நிரப்பியிருந்தாள் ஒருத்தி. ஏன் என்று கேட்டேன்.

"அது வேலையில்ல மேம், கல்யாணத்துக்காகப் போனது" என்றாள்.

ஷிப்டுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை கதிர்களைப் பார்த்துக்கொண்டாய், அறுந்த இழையை முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவளிடம் துல்லியமான பதில் இருந்தது. பிறகு அவளே பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் எழுதினாள்: நூற்பாலைத் தொழிலாளி, 3 ஆண்டுகள்.